கைமாறி வந்த துப்பாக்கி: நெம்புகோல் வேட்டைத் துப்பாக்கியின் வரலாறும் வாசிப்பும்

பாகப் பிரிவினையில் நிலத்திற்குப் பத்திரம் உண்டு. நகைக்கு எடை உண்டு. வீட்டிற்கு நான்கெல்லை உண்டு. முன்னோர் கையாண்ட கருவிகளோ பெரும்பாலும் எழுத்து எதுவுமின்றியே அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்கின்றன. அவற்றைப் பெறுபவர் பொருளைப் பெறுகிறார். பொருளைப் பற்றிய அறிவைப் பெறுவதில்லை. அறிவு, கையாண்டவரோடு சென்று விடுகிறது. எஞ்சி நிற்பது தேய்மானமும் சில முத்திரைகளும் மட்டுமே. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அக்கருவி ஓர் ஆவணம். தெரியாதவர்க்கு வெறும் இரும்பு.

வட அமெரிக்க நாட்டுப்புறக் குடும்பங்களில் இவ்வாறு தலைமுறை தோறும் கைமாறும் பொருள்களுள் குறிப்பிடத்தக்கது நெம்புகோல் வேட்டைத் துப்பாக்கி. கிழக்கே மெய்ன் மாநிலக் காடுகள் முதல் மேற்கே மொன்டானா மலைச்சரிவுகள் வரை, பாட்டன் மான் வேட்டைக்கு எடுத்துச் சென்ற துப்பாக்கி தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கோ மகளுக்கோ செல்வது அங்கு வழக்கம். ஹாலிவுட் படங்களின் வழியாகவும் படக்கதைகளின் வழியாகவும் இக்கருவியின் உருவம் தமிழ் வாசகர்க்கும் அறிமுகமானதே. குதிரைமேல் அமர்ந்த வீரன், விசைக்குக் கீழுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்து, அடுத்தடுத்துச் சுடுவானே, அத்துப்பாக்கிதான் இது. திரையில் கண்டது அதன் புகழை. அதன் வரலாறு புகழினும் பெரியது. புகழைப் போல் எளிதன்று.

தோற்றம்

நெம்புகோல் துப்பாக்கியின் கதை தோல்விகளில் தொடங்குகிறது. இன்று உலகெங்கும் பயன்படும் ஊக்கைக் கண்டறிந்தவரும் நியூயார்க்கில் வாழ்ந்தவருமான வால்டர் ஹன்ட், 1848ஆம் ஆண்டு, உள்ளீடற்ற ஈயக் குண்டிற்குள்ளேயே வெடிமருந்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே அக்குண்டுகளை அடுத்தடுத்துச் சுடவல்ல துப்பாக்கி ஒன்றையும் வடிவமைத்தார். கருத்து புதியது, கருவியோ நுட்பமான உறுப்புகள் மிகுந்து எளிதிற் பழுதாவது. லூயிஸ் ஜென்னிங்ஸ் என்பார் அதனைத் திருத்தினார். பின்னர் ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்னும் இருவர் மேலும் திருத்தி, 1855இல் 'வால்கானிக்' என்னும் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். ஆற்றல் குறைந்த அத்துப்பாக்கிகள் விலைபோகவில்லை, நிறுவனம் நொடித்தது.

அந்நிறுவனத்தில் முதலீடு செய்திருந்தோருள் ஒருவர் ஆலிவர் வின்செஸ்டர். துப்பாக்கித் தொழிலுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் ஆண்கள் சட்டை தைக்கும் தொழிற்சாலை நடத்தி வந்தவர் அவர். 1857இல் நொடித்த நிறுவனத்தின் உடைமைகளை வாங்கி, பெஞ்சமின் டைலர் ஹென்றி என்னும் கைவினைஞரைத் தொழிற்சாலைப் பொறுப்பில் அமர்த்தினார். ஹென்றி, பிழை துப்பாக்கியில் மட்டுமன்று, தோட்டாவிலும் இருக்கிறது என்பதைக் கண்டார். குண்டு, மருந்து, தீப்பொறி மூன்றையும் ஒரே செப்பு உறையில் அடக்கிய தோட்டாவை உருவாக்கி, அதற்கேற்பத் துப்பாக்கியையும் மாற்றியமைத்தார். 1860ஆம் ஆண்டு அக்டோபர் 16இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 'ஹென்றி ரைபிள்' என்று வழங்கும் இதுவே பின்வந்த வின்செஸ்டர் துப்பாக்கிகள் அனைத்திற்கும் தாய்.

மறு ஆண்டே அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில், தேர்ந்த படைவீரர் நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவர். ஹென்றி துப்பாக்கியோ ஏறத்தாழ பதினாறு தோட்டாக்களைத் தன்னகத்தே கொண்டது. எனினும் அமெரிக்க அரசு அதனை இரண்டாயிரத்திற்கும் குறைவாகவே வாங்கியது. மாதம் 13 டாலர் ஊதியம் பெற்ற வடபுலச் சிப்பாய்கள் பலர், ஏறத்தாழ மூன்று மாத ஊதியத்தைக் கொடுத்துத் தாமே அதை வாங்கிக்கொண்டனர். ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வாரம் முழுவதும் சுடும் துப்பாக்கி என்று தென்புலத்தார் அதனைச் சபித்ததாக ஒரு வழக்கு உண்டு.

ஹென்றி துப்பாக்கிக்கு ஒரு குறை இருந்தது. குழலின் கீழுள்ள தோட்டாக் குழாயில் நீண்ட பிளவு விடப்பட்டிருந்ததால் மண்ணும் நீரும் உட்புகுந்தன. முன்புறமிருந்தே நிரப்பவும் வேண்டியிருந்தது. 1866இல் நெல்சன் கிங் என்பார், இயந்திரக் கூட்டின் வலப்பக்கத்தில் வில்மூடி கொண்ட சிறு வாயில் ஒன்றை அமைத்தார். சுடும் இடைவெளியிலேயே அவ்வாயில் வழியே தோட்டாக்களைத் திணிக்கலாம். குழாய் முற்றிலும் மூடப்பட்டது. அவ்வாண்டே நிறுவனமும் வின்செஸ்டர் என்னும் பெயரைப் பெற்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சிறு வாயில் பெரிதும் மாறவில்லை.

இயங்கும் முறை

விசையைச் சூழ்ந்துள்ள காப்பு வளையமே நீண்டு நெம்புகோலாக அமைந்திருப்பது இத்துப்பாக்கியின் அடையாளம். அதைக் கீழ்நோக்கித் தள்ளினால் நான்கு வேலைகள் ஒருசேர நடைபெறுகின்றன. குழலின் பின்வாயை அடைத்திருக்கும் தாழ் பின்னோக்கி நகர்கிறது. சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்று உறை வெளியே எறியப்படுகிறது. பின்னகரும் தாழ் சுத்தியலை மடக்கி நிறுத்துகிறது. குழாயிலிருந்து வந்த அடுத்த தோட்டா ஒரு தூக்கியின் மேல் ஏறுகிறது. நெம்புகோலை மேலே இழுத்ததும் தாழ் முன்னகர்ந்து, புதிய தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே இவ்வளவும் முடிந்துவிடும். ஓடும் குதிரைமீதும் அடர்ந்த புதரிடையிலும் இது எத்துணை வாய்ப்பானது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

யார் கையில் துப்பாக்கி?

வின்செஸ்டர் 1873ஆம் ஆண்டு மாதிரி இரும்பாலான கூடும், நடுவில் தீமூட்டும் கேப் கொண்ட வலிய தோட்டாவும் உடையது. ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டவை விற்பனையாயின. பிற்கால விளம்பரங்கள் இதனை 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று கொண்டாடின. யாரிடமிருந்து வென்றது என்னும் வினாவை அவ்விளம்பரங்கள் எழுப்பவில்லை. வரலாறு எழுப்புகிறது.

1876ஆம் ஆண்டு ஜூன் 25இல், மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டர் தலைமையிலான அமெரிக்கக் குதிரைப்படையை லகோட்டா, வட செயென், அரபாஹோ பழங்குடியினர் எதிர்கொண்டு அழித்தனர். படையினரிடம் இருந்தவை ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டும் இடக்கூடிய ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகள். பழங்குடி வீரர் பலரிடம் வில்லும் அம்பும் இருந்தன. ஆனால் வேறு பலரிடம் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் இருந்தன. 1983இல் அப்போர்க்களத்துப் புல்வெளி தீயில் கருகியது. மறு ஆண்டு தொல்லியலாளர்கள் அங்கு உலோகமறி கருவிகளுடன் தேடி, நூறாண்டுக்கு மேல் மண்ணிற் கிடந்த தோட்டா உறைகளைக் கண்டெடுத்தனர். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் உறையின் மீது தனக்கேயுரிய தழும்பைப் பதிக்கும். அத்தழும்புகளை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எவ்வெவ்விடங்களுக்கு நகர்ந்தது என்பதைக் கூட அவர்களால் வரைய முடிந்தது. வென்றவர் தரப்பு முதியோர் வாய்மொழியாகக் கூறி வந்த செய்திகள் பலவற்றிற்கு மண்ணுக்குள் கிடந்த பித்தளை சான்று கூறியது.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள்ளாகவே, அரசின் கண்காணிப்பிலிருந்த லகோட்டா மக்கள் பலரிடமிருந்து துப்பாக்கிகளும் குதிரைகளும் பறிக்கப்பட்டன. 1890ஆம் ஆண்டு டிசம்பர் 29இல், தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ ஓடைக்கரையில், லகோட்டா மக்கள் தம் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு கட்டளையிடப்பட்டுச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு துப்பாக்கி வெடித்தது. தொடர்ந்து படையினர் சுட்டதில் பெண்களும் குழந்தைகளும் உட்பட இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு துப்பாக்கி தலைமுறைகள் கடந்து ஒரு குடும்பத்தில் தங்குவது இயல்பான நிகழ்ச்சி போல் தோன்றலாம். அங்ஙனம் தங்க முடிந்தது சிலருக்கு மட்டுமே என்பதையும், வேறு சிலருக்கு அம்மரபு வன்முறையால் அறுக்கப்பட்டது என்பதையும் அதே காலத்து வரலாறு காட்டுகிறது.

அமெரிக்காவுக்கு வெளியிலும் இக்கருவி தடம் பதித்தது. 1877இல் பல்கேரியாவின் பிளெவ்னா நகரைக் காத்து நின்ற உதுமானியப் படையினர், தொலைவிற்கு வேறு துப்பாக்கியும் அண்மைக்கு வின்செஸ்டரும் பயன்படுத்தித் தாக்கவந்த உருசியர்க்குப் பேரிழப்பை உண்டாக்கினர். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போரில் துப்பாக்கிப் பஞ்சத்தில் தவித்த அதே உருசியா, வின்செஸ்டரின் 1895 மாதிரியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் துப்பாக்கிகளை வாங்கியது.

பிரௌனிங்கும் 1894ஆம் ஆண்டு மாதிரியும்

இன்று மரபுரிமையாகக் கைமாறும் நெம்புகோல் துப்பாக்கிகளுள் பெருந்தொகையானவை வின்செஸ்டர் 1894 மாதிரியைச் சேர்ந்தவை. அதனை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டா மாநிலத்து ஆக்டன் என்னும் ஊரில் துப்பாக்கிக் கம்மியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தந்தையின் பட்டறையிலேயே தொழில் பயின்றவர். 1883இல் அவர் வடிவமைத்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியின் உரிமையை வின்செஸ்டர் நிறுவனம் 8000 டாலருக்கு வாங்கியது. அன்று தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய வடிவங்களே நிறுவனத்தின் முதுகெலும்பாயின.

பழைய வின்செஸ்டர்களில் தாழைப் பூட்டியது முழங்கால் போல் மடங்கி நிமிரும் இணைப்பு. அது பெரிய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்காது. பிரௌனிங் தம் 1886 மாதிரியில், தாழின் இருபுறமும் செங்குத்தாக மேலேறிப் பூட்டும் இரு எஃகுக் கட்டைகளை அமைத்தார். 1894 மாதிரியில் தாழின் பின்னே எழுந்து நின்று பூட்டும் ஒரே கட்டை. நெம்புகோலைத் தள்ளும்போது கூட்டின் அடித்தட்டும் உடன் இறங்குவதால் நீளமான தோட்டாவுக்கும் இடம் கிடைத்தது. கூடு மட்டும் மெலிதாகவே இருந்தது.

அப்போதுதான் கருமருந்தின் காலம் முடிந்து புகையில்லா மருந்தின் காலம் பிறந்துகொண்டிருந்தது. கருமருந்து வெண்புகையைக் கிளப்பும். குழலில் கரியைப் படியவைக்கும். குண்டின் வேகமும் குறைவு. 1895இல் வின்செஸ்டர் நிறுவனம், நிக்கல் கலந்த எஃகுக் குழலுடன், புகையில்லா மருந்திற்கெனவே அமைந்த முப்பது–முப்பது என்னும் தோட்டாவை இத்துப்பாக்கிக்கு வழங்கியது. முன்னெண் குண்டின் விட்டத்தை அங்குலத்தின் நூற்றிலொரு பங்கு அளவில் குறிக்கும். பின்னெண் மருந்தின் எடையைக் கிரெயின் கணக்கில் குறிக்கும். பழைய நாற்பத்து நான்கு–நாற்பது தோட்டாவின் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 1300 அடி சென்றது; புதியது ஏறத்தாழ 2000 அடி சென்றது. மூன்று கிலோகிராம் அளவே எடையுள்ள, ஒரு கையால் ஏந்தி நடக்கத்தக்க ஒரு கருவி, காட்டிடையே மானை வீழ்த்தப் போதுமான வலிமை பெற்றது.

இதன் பத்து இலட்சமாவது துப்பாக்கி 1927இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்கு அளிக்கப்பட்டது. 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டபோது மொத்தம் எழுபது இலட்சத்தைக் கடந்திருந்தது. 2010 முதல் அதே பெயரில் வரும் துப்பாக்கிகள் ஜப்பானின் மிரோகு தொழிற்சாலையில் உருவாகின்றன.

மானும் சட்டமும்

வேட்டைக் கருவி சிறந்தபோது வேட்டைப் பொருள் அருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மான் இறைச்சியும் தோலும் தொடர்வண்டிகளில் நகரச் சந்தைக்குச் சென்றன. காடழிவும் சந்தைக்கான வேட்டையும் சேர்ந்து, அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களின் தொகையை 1900ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஐந்து இலட்சமாகக் குறைத்தன. அவ்வாண்டு இயற்றப்பட்ட லேசி சட்டம், முறைகேடாக வேட்டையாடப்பட்ட விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. வேட்டைப் பருவமும் உரிமச் சீட்டும் எண்ணிக்கை வரம்பும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் வாங்கப்பட்ட வரியை வனவிலங்குப் பாதுகாப்பிற்கென்றே ஒதுக்கியது. வெள்ளைவால் மான்களின் தொகை இன்று ஏறத்தாழ மூன்று கோடி என மதிப்பிடப்படுகிறது. அழிவுக்குத் துணைபோன கருவியே காப்புக்கும் வரி செலுத்தியது. பாட்டன் துப்பாக்கியோடு பேரனுக்கு வேட்டையாடும் உரிமை மட்டும் வரவில்லை; அளவறிந்து நிறுத்தும் கடமையும் உடன் வந்தது.

துப்பாக்கியைப் படித்தல்

இனி, கைமாறி வந்த துப்பாக்கியைப் படிக்கும் முறைக்கு வரலாம்.

முதற்படி, அதில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்தல். நெடுங்காலம் அலமாரியிற் கிடந்த துப்பாக்கி வெறுமையாகத்தான் இருக்கும் என்று கருதுவது பலர் உயிரைக் குடித்த எண்ணம். குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசையினின்று விலக்கி, நெம்புகோலை முழுவதும் திறக்கவேண்டும். குழலின் பின்னறையையும், தோட்டாக் குழாயின் வாயையும் கண்ணாலும் விரலாலும் ஆராய வேண்டும். பழைய நெம்புகோல் துப்பாக்கியில் தனியே கழற்றி எடுக்கத்தக்க தோட்டாப் பெட்டி இல்லை. குழாயில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நெம்புகோலை இயக்கியே வெளியேற்ற வேண்டும். ஒன்று ஒட்டிக்கொண்டு பின்தங்கவும் கூடும். 1992க்கு முன் செய்யப்பட்ட 1894 மாதிரிகளில், சுத்தியலைப் பாதியளவு மடக்கி நிறுத்தும் நிலையே கையாள்பவர்க்குள்ள முதன்மையான காப்பு. தேய்ந்த துப்பாக்கியில் அதுவும் நம்பத்தகாததாகலாம்.

இரண்டாவது, குழலின் மேலுள்ள எழுத்து. 1894 மாதிரி ஒரே வகைக் கூட்டில் பல வெவ்வேறு தோட்டாக்களுக்கு உருவாக்கப்பட்டது. முப்பது–முப்பது தோட்டாவையே பழைய குழல்கள் 'முப்பது டபிள்யூ.சி.எஃப்.' என்று குறித்தன. பெயர் மாறியதை அறியாதவர் குழம்புவர். அதே உறையை அடிப்படையாகக் கொண்ட முப்பத்திரண்டு ஸ்பெஷல் தோட்டாவும் உண்டு; பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள். தந்தை எந்தத் தோட்டாவை வாங்கினார் என்னும் நினைவு போதாது. குழலின் எழுத்தும், தேர்ந்த கம்மியர் ஒருவரின் சோதனையுமே முடிவானவை. குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால், கூரிய முனையுள்ள குண்டு முன்னுள்ள தோட்டாவின் கேப்பைக் குத்தி வெடிக்கச் செய்யலாம். ஆகவேதான் இத்துப்பாக்கிக்கு நுனி தட்டையான குண்டுகள் வழங்கின. கூர்முனையை நெகிழ்வான பொருளால் அமைத்த தோட்டாக்கள் இந்நூற்றாண்டில்தான் வந்தன.

மூன்றாவது, வரிசை எண். கூட்டின் அடிப்புறத்தில் முன்பக்கமாக அது பொறிக்கப்பட்டிருக்கும். வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் வயோமிங் மாநிலத்துக் கோடி நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. பேரேடு எஞ்சியுள்ள எண்களுக்கு, துப்பாக்கி எந்த நாளில், எவ்வகைக் குழலுடன் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்று அங்கிருந்து சான்று பெறலாம். 1898ஆம் ஆண்டும் அதற்கு முன்னும் செய்யப்பட்டவற்றை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள் வகையில் சேர்க்கிறது. வேறு மாநிலத்தவரிடமிருந்து துப்பாக்கி பெறுவதற்கு அமெரிக்க நடுவணரசு விதித்துள்ள தடையிலிருந்து, உயில் வழியும் மரபுவழியும் வருபவை விலக்குப் பெறுகின்றன. மாநிலச் சட்டங்கள் வேறுபடும்.

நான்காவது, 1964 என்னும் எல்லைக்கோடு. கைவேலைக் கூலி உயர்ந்ததால், கடைந்தெடுத்த எஃகு உறுப்புகள் பலவற்றை நிறுவனம் அவ்வாண்டு கைவிட்டு, தகட்டில் அழுத்தி வார்த்தவற்றைப் புகுத்தியது. துப்பாக்கி சுட்டது, ஆனால் பழகிய கைகள் வேறுபாட்டை உடனே உணர்ந்தன. '1964க்கு முந்தியது' என்பது அன்று முதல் விலையை உயர்த்தும் சொல்லாயிற்று.

ஐந்தாவது, தேய்மானம். நெம்புகோலைப் பற்றும் இடத்தில் கருநீலப் பூச்சு நீங்கிச் சாம்பல் நிறம் தோன்றுவது இயல்பு. கூட்டின் அடியில், ஏந்தி நடக்கும் கை படும் இடம் வழவழப்பாக இருந்தால் அது பல்லாண்டு நடையின் பதிவு. குதிரைச் சேணத்தின் தோலுறையில் செருகிச் சென்ற துப்பாக்கியின் கட்டையும் குழலின் பக்கங்களும் தேய்ந்திருக்கும். குழலின் உட்புறம் குழிகள் விழுந்திருந்தால், உப்பை விட்டுச்செல்லும் பழைய கேப்புகளைச் சுட்டபின் துடைக்காமல் விட்டமை புலனாகும். புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு, நெய் பூசி அழகு செய்து வைத்த வேலுக்கும், போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கும் அதியமானின் வேலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டியதைத் தமிழறிந்தார் அறிவர். கருவியின் சிதைவே அதன் வாழ்க்கை என்னும் அவ்வுண்மையைத் துப்பாக்கி சேகரிப்போரும் வேறு வழியில் கண்டுகொண்டனர். பழைய துப்பாக்கியைத் தேய்த்து மெருகேற்றிப் புதிதாகப் பூச்சிட்டால் அதன் மதிப்புக் குறைகிறது. மெருகோடு எழுத்தும் அழிகிறது.

வாரிசற்ற ஒரு துப்பாக்கி

2014ஆம் ஆண்டு நவம்பரில் நெவாடா மாநிலத்து கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், தொல்லியலாளர்கள் ஜூனிப்பர் மரம் ஒன்றில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த துப்பாக்கி ஒன்றைக் கண்டனர். அது வின்செஸ்டர் 1873 மாதிரி. மரக்கட்டை வெயிலிலும் பனியிலும் வெடித்துச் சாம்பல் நிறமாகி, அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. வரிசை எண்ணைக் கோடி நகரப் பேரேட்டில் ஒப்பிட்டபோது அது 1882இல் அனுப்பப்பட்டது என்று தெரிந்தது. ஊடுகதிர்ப் படத்தில், கட்டையின் உட்குழியில் ஒரு தோட்டா இருப்பது புலப்பட்டது. யார் சாய்த்து வைத்தார், ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு விடை இல்லை. வல்லுநர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. கண்ட நிலையிலேயே உதிராமல் நிலைப்படுத்தினர். உரியவர் பெயரை இழந்தபின்னும், அக்கருவி தன் பிறந்த ஆண்டையும் தன் தனிமையையும் தானே கூறிற்று. வாரிசு உள்ள துப்பாக்கி கூறக்கூடியது இன்னும் எவ்வளவு!

தமிழகத் தொடர்பு

இவ்வமெரிக்கக் கருவி தமிழகக் காடுகளிலும் நடந்துள்ளது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974), ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்து எழுதியவர். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரி, சிவனிப்பள்ளி முதலிய ஊர்கள் அவர் நூல்களில் இடம்பெற்றவை. அவர் பல்லாண்டு பயன்படுத்தியது வின்செஸ்டர் 1895 மாதிரி நெம்புகோல் துப்பாக்கி. பிரௌனிங் வடிவமான அதில் குழாய்க்கு மாற்றாக அடியில் தோட்டாப் பெட்டி உண்டு. அதற்குரிய நானூற்றைந்து தோட்டா 1904இல் வந்தது. 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்குச் சென்ற தியோடர் ரூஸ்வெல்ட் எடுத்துச் சென்றவற்றுள்ளும் இவ்வகை உண்டு. மான் வேட்டைக்காரன் வீட்டில் தங்கிய அதே குடும்பத்துக் கருவி, தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதி மூங்கிற் காடுகளிலும் ஒலித்தது.

இந்நாட்டில் அவ்வொலி ஓய்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஏறத்தாழ முற்றிலும் தடுத்தது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, மூதாதையர் துப்பாக்கியாயினும் உரிமம் இன்றி வைத்திருத்தல் குற்றம். ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்று என்பது 2019இல் இரண்டாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்கப் பேரன் பாட்டன் துப்பாக்கியுடன் காட்டிற்குச் செல்லலாம். இந்தியப் பேரன் பெறுவது நினைவையும் பொறுப்பையும் மட்டுமே.

நிறைவாக

மரபுரிமை என்பது விரும்பியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமையன்று. நெம்புகோல் துப்பாக்கியைப் பெறுபவர், ஹென்றியின் நுட்பத்தையும் பிரௌனிங்கின் அறிவாற்றலையும் பெறுகிறார். பனிக்காலத்தில் அடுப்படிக்கு இறைச்சி கொணர்ந்த பாட்டனின் உழைப்பையும் பெறுகிறார். அதே கருவியோடு வூண்டட் நீ ஓடைக்கரையில் பறிக்கப்பட்ட துப்பாக்கிகளின் கதையும், ஐந்து இலட்சமாகச் சுருங்கிய மானினத்தின் கதையும் வந்து சேர்கின்றன. ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளினால் பெற்றது பாதி ஆவணமே.

அறிவு உயிலில் எழுதப்படுவதில்லை. ஆதலின் கையாள்பவர் வாழும்போதே கேட்டறிதல் வேண்டும்: எந்தக் கடையில் வாங்கியது, எந்தக் காட்டில் சுமந்தது, கட்டையிலுள்ள இக்கீறல் எப்போது விழுந்தது என்பனவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியோடு வைத்தல் வேண்டும். அருங்காட்சியகப் பேரேடு, துப்பாக்கி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னுள்ள பக்கங்களை எழுத வேண்டியவர்கள், அதை ஒருவர்பின் ஒருவராகப் பெற்றுக்கொண்டவர்களே.